கோல்டன்ரொட்டும் துளசியும்: ஸ்காபரோவிலும் வெள்ளவத்தையிலும் தேனீக்கான தோட்டம்

ஓகஸ்ட் கடைசி வந்துவிட்டால் ஸ்காபரோவிலிருந்து கொழும்புக்கு வரும் வட்ஸ்அப் படங்களின் பின்னணியில் மஞ்சள் தெரியத் தொடங்கும். பள்ளிக்கூட வேலி, உயர்மின் கோபுரங்களுக்குக் கீழே கிடக்கும் வெளி, றூஜ் ஆற்றுப் பக்கத்து நடைபாதை என்று எங்கே நின்று படம் எடுத்தாலும் பின்னால் ஆள் உயரத்துக்கு மஞ்சள் கதிர்கள். “அக்கா, அது என்ன பூ? இஞ்ச வருமா? கொஞ்சம் விதை அனுப்புங்கோவன்” என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து ஒரு தங்கை கேட்பது இயல்பு. அந்தப் பூவின் பெயர் கோல்டன்ரொட். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரவேண்டும் என்று தோட்டம் போடுவோர் வட அமெரிக்காவில் முதலில் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று.

கேள்வி நியாயமானது, பதில் ஒரு வரியில் அடங்காது. ஆகவே அந்தச் செடியை நம் வீட்டுத் துளசிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஏன் துளசி? இரண்டுமே ஒரு பருவத்தோடு முடிந்துபோகாத செடிகள். இரண்டின் பூவும் தனியே எடுத்தால் கண்ணில் படாத அளவு சிறியது. கதிராகச் சேரும்போதே பூச்சிக்குத் தெரிகிறது. இரண்டும் அவரவர் ஊரில் செலவில்லாமல் கிடைப்பவை. மனிதர் பார்வையில்தான் இரண்டும் எதிரெதிர் நிற்கின்றன: ஒன்றைக் களை என்று தள்ளினார்கள், மற்றதைத் தெய்வம் என்று கும்பிட்டார்கள். இதனால் பூச்சிகளுக்கு ஆன லாபநட்டம் என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

செடியும் பூவும்

கோல்டன்ரொட் என்பது ஒரு தனிச் செடியைக் குறிக்கவில்லை. சொலிடாகோ என்ற பேரினத்தைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கு உரியவை. ஸ்காபரோப் படங்களில் தெரிவது பெரும்பாலும் கனடா கோல்டன்ரொட்டும் அதன் கிட்டிய உறவுகளும். சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பம். பனிக்காலத்தில் மண்ணுக்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்து பழுப்பாக நிற்கும். மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு உயிரோடு இருக்கும். இளவேனிலில் அந்தத் தண்டிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பும். நாலைந்து வருடத்தில் ஒரு செடி ஒரு பற்றையாகிவிடும்.

பூங்கதிரைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், வளைந்த சிறு கிளையின் மேற்பக்கத்தில் மட்டும் வரிசையாகப் பூக்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். நாம் ஒரு பூ என்று நினைப்பது நெற்கதிரின் ஒரு மணியளவுகூட வராது. அதற்குள்ளும் வெளிவட்டத்தில் பத்தளவில் நாக்குப் போன்ற பூக்கள், நடுவில் சில குழாய்ப் பூக்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. குழாய்கள் ஆழமற்றவை. நீண்ட நாக்குள்ள பெரிய தேனீ வந்தாலும் சரி, நாக்கே குட்டையான ஈயும் குளவியும் வண்டும் வந்தாலும் சரி, எல்லாருக்கும் தேன் எட்டும். கனடா கோல்டன்ரொட் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிப்பதில்லை. வேறொரு செடியிலிருந்து பூச்சி கொண்டு வந்தாக வேண்டும். ஆகவே அது பூச்சிக்குப் பந்தி விரிப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

துளசி வேறு வீட்டுப் பிள்ளை. புதினாவும் கற்பூரவள்ளியும் அதன் சொந்தங்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக நிற்கும். கொழும்புச் சாடியில் இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும், பிறகு அடித்தண்டு விறகாகி இலை சிறுக்கும். அதற்குள் சாடியைச் சுற்றிலும் விதை விழுந்து நாற்று முளைத்திருக்கும். ஒரு செடியாக நீடிக்காவிட்டாலும் ஒரு குடும்பமாக நீடிக்கிறது.

துளசிக் கதிரில் பூக்கள் அடுக்கடுக்காக வளையமிட்டு நிற்கின்றன. அடியிலுள்ள வளையம் முதலில் விரியும், பிறகு மேலே மேலே. இதனால் ஒரே கதிரில் அடியில் காய், நடுவில் பூ, நுனியில் மொட்டு என மூன்றும் ஒரே நாளில் இருக்கும். வெளிறிய ஊதா நிறத்தில் இரண்டு உதடுகள். கீழுதட்டின் மேல் நாலு மகரந்தத் தண்டுகள் படுத்தபடி நீண்டிருக்கும். தேனீ அந்த உதட்டைப் பிடித்துத் தொங்கித் தலையை உள்ளே நுழைக்கும்போது அதன் வயிற்றுப் பக்கத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. கோல்டன்ரொட்டில் பூச்சி நடந்துகொண்டே சாப்பிடும். துளசியில் ஒவ்வொரு பூவுக்கும் தொங்கி எழவேண்டும். ஆகவே துளசிக்கு வருவோர் பெரும்பாலும் தேனீக்களே. திறந்த வீடு கோல்டன்ரொட். துளசி கதவு வைத்த வீடு.

எந்த நேரத்துப் பூ?

ரொறன்ரோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறரை மணித்தியால வேறுபாடு இருக்கிறது. கொழும்பில் அது முக்கால் மணித்தியாலம்தான். இந்த ஒரு கணக்கில் இரண்டு செடிகளின் வாழ்க்கையும் அடங்கிவிடுகிறது.

கோல்டன்ரொட் நீண்ட பகலில் உயரமாக வளர்ந்து, பகல் குறுகக் குறுகப் பூவுக்குத் திரும்பும் செடி. ஓகஸ்டில் தொடங்கி ஒக்டோபரில் பனி உறையும்வரை பூக்கும். அது பூக்கும்போது அங்கே மற்றப் பூக்கள் ஓய்ந்துவிடுகின்றன. அதே நேரத்தில் பூச்சிகளின் தேவையோ உச்சத்தில் இருக்கிறது. பம்பிள் தேனீக்களில் புதிதாகப் பிறந்த இராணிகள் மட்டுமே குளிர்காலத்தைத் தாண்டும். அதற்குரிய கொழுப்பை அந்தச் சில வாரங்களில்தான் உடலில் சேர்க்கவேண்டும். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்ராரியோவிலிருந்து மெக்சிகோவின் மிச்சொவாகான் மலைக்காடுகளை நோக்கிப் பறப்பதும் அப்போதுதான். வழியில் அவற்றுக்குச் சாப்பாடு போடுவன கோல்டன்ரொட்டும் ஆஸ்டர் பூக்களும். தேன்கூடு வைத்திருப்போருக்கும் அது குளிர்காலக் கையிருப்பு. சீக்கிரம் உறையும் தேன் அது; கூட்டில் முதிரும் நாட்களில் வீசும் கடுமையான மணத்தைத் தேன் வளர்ப்போர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொழும்பில் அப்படி ஒரு கடைசி வாரமே கிடையாது. துளசி வெயில் இருந்தால் மாசியிலும் பூக்கும், ஆவணியிலும் பூக்கும். நம் ஊர்த் தேனீயின் கஷ்டகாலம் குளிராக வருவதில்லை, மழையாக வருகிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கினால் நாட்கணக்கில் அவற்றால் பறக்க முடியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. மழை விட்ட ஒரு மணித்தியாலத்தில் கூட்டுக்குப் பக்கத்திலேயே பூ இருந்தால்தான் பயன். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே எழுந்த தொடர்மாடிகளின் நடுவில் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் எட்டக்கூடிய பூ எங்கே இருக்கிறது? பல்கனிச் சாடியில்தான். இவ்வளவு சிறிய செடிக்கு இவ்வளவு பெரிய வேலை வந்தது, முற்றங்கள் போனதால்.

காலத்தை அளவுகோலாக வைத்தால் தீர்ப்பு சமன்தான். கோல்டன்ரொட் எட்டு வாரத்தில் ஊருக்கே பந்தி போடுகிறது. துளசி வருடம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதனதன் ஊருக்கு அதனதன் முறை பொருத்தம்.

யார் யார் வருகிறார்கள்?

வருவோர் கணக்கில் கோல்டன்ரொட் துளசியைத் தூக்கி அடிக்கிறது. இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ரொறன்ரோ நகரத்தில் மட்டும் 360-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. இலங்கை முழுவதற்கும் பதிவானவை சுமார் 150. அந்த வடநாட்டுத் தேனீக்களில் சில கோல்டன்ரொட்டும் அதன் குடும்பத்துப் பூக்களும் தரும் மகரந்தத்தை மட்டுமே குஞ்சுக்கு ஊட்டும். செடி போனால் அவையும் போகும். பூவைத் தவிர இலையும் தண்டும்கூட உணவு. நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் மயிர்க்கொட்டிகள் கோல்டன்ரொட்டைத் தின்று வளர்கின்றன. தண்டில் உருண்டையாக ஒரு வீக்கம் தெரிந்தால் அதற்குள் ஒரு பழஈயின் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று பொருள். அந்த வீக்கத்தைக் கொத்தித் தின்னச் சிறு மரங்கொத்தி வரும். காய்ந்த செடியைக்கூட வெட்டாதீர்கள் என்று அங்கே சொல்வதற்குக் காரணம் இதுதான்.

துளசிக்கு அந்த அகலம் கிடையாது. அதன் இலையின் எண்ணெய் மணம் நமக்கு மருந்து, பூச்சிக்குத் தடை. சில சிறு புழுக்களைத் தவிர மயிர்க்கொட்டிகள் அதை அதிகம் தேடுவதில்லை. பூவுக்கு வருவோர் குறைவானவர்கள், ஆனால் முக்கியமானவர்கள்: அடுக்கடுக்காய் அடை வைக்கும் நம் நாட்டுத் தேனீ, ஒரே அடை கட்டும் சிறு கொம்புத்தேனீ, சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொட்டாத கொசுத்தேனீ, வயிற்றில் நீலவரி போட்டுக்கொண்டு ஒரு பூவின்முன் ஒரு கணம் அந்தரத்தில் நின்று பாயும் நீலவரித் தேனீ. இந்த நீலவரித் தேனீ தக்காளி, கத்தரிப் பூக்களை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கவும் வல்லது. துளசியின் பூவுக்கு வந்தவர் பக்கத்துச் சாடித் தக்காளிக்கும் வேலை செய்துவிட்டுப் போவார்.

எனவே துளசி மட்டும் வைத்த பல்கனி ஒரு தேநீர்க்கடை மாதிரி. குடிக்கக் கிடைக்கும், குடும்பம் நடத்த முடியாது. வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட வேறு செடி வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் அவற்றைத் தேடி வரும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். எருக்குக்கு வருவது செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட ஒன்று. அது மொனார்க்கின் சொந்தப் பேரினத்தைச் சேர்ந்த உறவு. மொனார்க்கின் மயிர்க்கொட்டி தின்னும் மில்க்வீட்டும் நம் எருக்கும் ஒரே குடும்பத்துப் பாற்செடிகள். ஸ்காபரோவில் கோல்டன்ரொட்டும் மில்க்வீட்டும் சேர்ந்து செய்வதை, கொழும்பில் துளசியும் எருக்கும் சேர்ந்து செய்ய முடியும்.

உலகம் சூடாவதன் கதையும் கோல்டன்ரொட்டின் மகரந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் 1842 முதல் உலர்த்திச் சேர்த்து வைத்த மாதிரிகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, வளியில் கரியமிலவாயு ஏற ஏற அந்த மகரந்தத்தின் புரதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதைக் காட்டியது. குளிருக்குமுன் தேனீ உண்ணும் கடைசிச் சாப்பாட்டில் சத்து குறைகிறது. செடியை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று அங்கேயும் எவரும் இருந்துவிட முடியாது.

மனிதக் கை

கோல்டன்ரொட்டை நெடுங்காலம் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பூக்கும் வாரங்களில் தும்மலும் கண்ணெரிவும் வருவதால் பழி அதன்மேல் விழுந்தது. குற்றவாளி வேறு. அதே நேரத்தில் பச்சை நிறப் பூவோடு யார் கண்ணிலும் படாமல் நிற்கும் ராக்வீட் செடிதான் காற்றில் மகரந்தத்தைப் பறக்கவிடுகிறது. கோல்டன்ரொட்டின் மகரந்தம் கனமானது, ஒட்டுந்தன்மை உள்ளது. பூச்சியின் காலில் போகுமே தவிர மூக்குக்குள் பறந்து வராது.

ஒருமுறை மட்டும் அதை ஒரு பெரிய மனிதர் தேடி வந்தார். உலக இறப்பர் சந்தை அப்போது பிரித்தானியரின் பிடியில் இருந்தது. 1876-இல் கம்பஹா ஹெனரத்கொடையில் நட்ட நாற்றுகளிலிருந்து பெருகிய இலங்கைத் தோட்டங்களும் மலாயாத் தோட்டங்களும் அதன் முதுகெலும்பு. 1922-இல் பிரித்தானியர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியதும், தோமஸ் எடிசன் ஹென்றி ஃபோர்டோடும் ஹார்வி ஃபயர்ஸ்டோனோடும் சேர்ந்து 1927-இல் அமெரிக்க மண்ணில் விளையும் இறப்பரைத் தேடத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து அவர் தெரிந்தெடுத்தது கோல்டன்ரொட்டை. 1931-இல் அவர் இறந்தார்; முயற்சி வணிகமாக வளரவில்லை. களுத்துறை, கேகாலைத் தோட்டங்களுக்குப் போட்டியாக வந்திருக்கவேண்டிய செடி மறுபடியும் வேலியோரம் போய்ச் சேர்ந்தது.

இந்த அலட்சியம் தேனீக்கு வாய்ப்பாக அமைந்தது. பறிப்பாரில்லாத பூ முழுவதும் பூச்சிக்கே போனது. இப்போது பார்வை மாறியிருக்கிறது. மொனார்க்கின் உயிர்நாடியான மில்க்வீட்டை ஒன்ராரியோ மாகாணம் 2014-இல் தீங்குக்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2016-இல் ரொறன்ரோ கனடாவின் முதல் ‘தேனீ நகரம்’ ஆனது. ஸ்காபரோவினூடாக ஓடும் மின்கோபுர வெளியை 16 கிலோமீற்றர் நீளப் புல்வெளியாக மீட்கும் மெடோவே திட்டம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. நம்மவர் அனுப்பும் படங்களின் மஞ்சளில் ஒரு பங்கு அங்கிருந்தும் வருகிறது.

துளசியின் கதை தலைகீழ். யாரும் அதைக் களை என்று சொன்னதில்லை. மாடம் கட்டி வைக்காத சைவ வீட்டிலும் இருமலுக்கும் தடிமனுக்கும் ஒரு சாடித் துளசி இருக்கும். ஆனால் கதிர் தலைநீட்டியவுடன் கிள்ளிவிடுகிறோம். “கதிர் விட்டால் செடி போயிடும்” என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. அதில் உண்மை இருக்கிறது: விதை முற்றத் தொடங்கினால் செடி இலையைக் குறைத்துக்கொள்ளும். பெருமாளுக்குச் சாத்தக் கதிரோடு கிள்ளுவதும் உண்டு. இப்படி வருடம் பன்னிரண்டு மாதமும் பூக்கவல்ல செடி, வருடம் பன்னிரண்டு மாதமும் பூக்காமல் நிற்கிறது.

துளசிக்கு மட்டும் வந்த கதியல்ல இது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் முன்புறத்துச் செவ்வரத்தை, நந்தியாவட்டை எல்லாம் விடியுமுன் தட்டில் ஏறிவிடுகின்றன. குளித்துவிட்டுத்தான் பூப்பறிக்கவேண்டும், வண்டு மொய்த்த பூ சாமிக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த கைகள் அவை. கோயிலுக்குக் கொண்டுபோகும் பூவை யாரும் குறை சொல்ல வரவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் அது. அங்கே பூவுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் முற்றத்தில் இருபது செடி இருந்த காலத்தில், பறித்தது போக மிச்சம் தேனீக்கு இருந்தது. மூன்று சாடி மட்டும் உள்ள பல்கனியில் அதே பழக்கம் தேனீக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. பழக்கம் மாறவில்லை, இடம் சுருங்கிவிட்டது.

ஊர் மாறினால்

இனி, விதை அனுப்பச் சொன்ன கேள்விக்கு வருவோம். சொந்த மண்ணில் இத்தனை பூச்சிகளைத் தாங்கும் கோல்டன்ரொட் வேற்று மண்ணில் என்ன செய்கிறது? ஐரோப்பாவுக்கு அது பதினேழாம் நூற்றாண்டில் அழகுச் செடியாகப் போனது. தோட்டத்தைத் தாண்டிப் புல்வெளிகளைப் பிடித்தது. போலந்தில் செய்து 2009-இல் வெளியான ஆய்வொன்று, கோல்டன்ரொட் படர்ந்த புல்வெளிகளில் காட்டுத் தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் வகையும் குறைந்திருப்பதைக் கண்டது. பூ இருந்தும் ஏன் குறைந்தது? அது மற்ற எல்லாப் பூவையும் நெருக்கித் தள்ளிவிட்டது. எட்டு வாரம் விருந்து, மற்ற வாரங்களில் பட்டினி. சீனாவுக்கு 1935-இல் அதே அழகுச் செடியாகப் போய் இன்று வயலோரங்களையும் ரெயில் பாதையோரங்களையும் பிடித்திருக்கிறது.

இலங்கைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடியதால் 1909-இலேயே அதற்கெதிராக ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. 1826-இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்த உண்ணிச்செடி இன்று உடவளவையில் யானையின் புல்வெளியைத் தின்கிறது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பார்த்தீனியத்தைப் பிடுங்கிக் கை அரித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அதுவும் கோல்டன்ரொட்டின் குடும்பம்தான். கொழும்புக் கால்வாய்க் கரைகளில் தரையோடு படரும் மஞ்சட்பூ வெடீலியாவும் அதே குடும்பம், அதே மாதிரி அழகுக்கு வந்தது.

வெள்ளவத்தை வெப்பத்தில், பன்னிரண்டு மணிநேரப் பகலில், குளிர்கால ஓய்வு பழகிய செடி அங்கே போல் ஆள் உயரம் வளராது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டிய நாடுகளில் பூங்கொத்துக்காகக் கோல்டன்ரொட் பயிரிடுவோர் தண்டு நீளவேண்டும் என்பதற்காக இரவில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். ஆனால் கொழும்பில் நட்டது கொழும்போடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மலைநாட்டின் குளிர் அதற்கு ஒத்துப்போகலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்ற மஞ்சட்பூ முட்செடி ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக்கிடப்பது நம் கண்முன் உள்ள சாட்சி. சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் விதையோ செடியோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. பயணப்பெட்டிக்குள் சேலைக்கு நடுவே வைத்த விதைப் பொட்டலமும் அதில் அடங்கும்.

துளசி மறுபக்கம் போனால் என்ன? ஸ்காபரோவில் சித்திரைக்குப் பிறகு யன்னலோரம் விதை போட்டு, வைகாசி கடைசியில் வெளியே வைத்து, புரட்டாதியில் மறுபடி உள்ளே எடுக்கிறார்கள். வெளியே விட்டால் முதல் உறைபனியோடு அது முடிந்துவிடும். அங்கே துளசியால் பரவ முடியாது. கோடைக்காலத்தில் பூக்க விட்டால் அங்குள்ள தேனீக்களும் அதற்கு வரும். துளசி அங்கே போவதில் ஆபத்தில்லை. கோல்டன்ரொட் இங்கே வருவதில் இருக்கிறது. இரண்டு பயணமும் ஒன்றல்ல.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்றும் இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வெறும் வளவில் முளைக்கும் மூக்குத்திப்பூவும் அமெரிக்க வெப்பநாட்டுக்காரர்தான். ஆனால் கட்டட வேலைக்காகக் காத்துக் கிடக்கும் வெள்ளவத்தை வளவுகளில் சிறு வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பசியாற்றுவது அதுவே. ஏற்கெனவே வந்து தங்கியதோடு வாழப் பழகலாம். புதிதாக ஒன்றைக் கொண்டுவர அது நியாயமாகாது.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டையும் நிறுத்திப் பார்த்ததில் வருவது இதுதான். கோல்டன்ரொட்டின் பெருமை செடியின் வகையில் ஒரு பாதி. அதை விட்டுவைத்தார்கள் என்பதில் மறு பாதி. முதற் பாதியை நாம் இறக்குமதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மறு பாதிக்கு விமானச் சீட்டுத் தேவையில்லை. துளசியைப் பூக்க விட்டால் போதும்.

எப்படி? இரண்டு சாடி துளசி வையுங்கள். ஒன்றை இலைக்காகக் கிள்ளுங்கள், மற்றதைக் கதிர்விட விடுங்கள். ஒரே சாடிதான் வைக்க இடம் என்றால் பாதிக் கிளைகளைக் கிள்ளி, பாதியை விடுங்கள். கதிரின் நுனிப் பூக்கள் வாடியதும், விதை கறுத்து முற்றுமுன் வெட்டிவிடுங்கள். தேனீக்குப் பூ கிடைக்கும், செடிக்கு விதை சுமக்கும் பாரமும் குறையும். பாட்டி சொன்ன பயமும் தீரும், பூச்சியின் பசியும் தீரும். பூசைக்குத் துளசி இலையே போதுமானது. கதிர் முழுவதையும் எடுக்கவேண்டியதில்லை. செவ்வரத்தையிலும் நந்தியாவட்டையிலும் மூன்றில் ஒன்றைச் செடியிலேயே விடுங்கள்.

மரைன் டிரைவ் பக்கத்துப் பல்கனியில் தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவந்து இலையைக் கருக்கும். ஆகவே சாடியைக் காலி வீதிப் பக்கம், காலை வெயில் படும் இடத்தில் வைப்பது நல்லது. சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரும். தேனீக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சிறு கற்கள் போட்ட ஆழமற்ற கிண்ணத்தைத் தினமும் கழுவி ஊற்றுங்கள். பூக்கும் செடியின்மேல் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். நுளம்புப் புகை அடிக்க வருவோரிடம், தேனீ பூவில் இல்லாத அந்திநேரத்தில் வரக் கேட்கலாம். இடம் இருந்தால் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. மொட்டைமாடி கிடைத்தால் ஒரு எருக்கு; பால் கண்ணில் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில்.

கொழும்பு 2018-இல் உலகின் முதல் ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பெத்தகானையிலும் தலங்கமையிலும் காட்டுக்கு அரசாங்கம் இடம் விட்டிருக்கிறது. அங்கிருந்து புறப்படும் தேனீ கொழும்பு 6-க்கும் 13-க்கும் வந்தால் உட்காரப் பூ வேண்டும். அதை எந்தத் திணைக்களமும் நட்டுத் தராது. ஸ்காபரோவிலிருந்து விதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாளைக் காலை துளசியைக் கிள்ளப் போகும்போது, ஒரு சாடியின் கதிர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.